பால்கன் குழுப் பயணம்: எத்தனை நாடு என்று பார்க்காமல் எத்தனை ராத்திரி என்று பாருங்கள்

தென்கிழக்கு ஐரோப்பாவில் பால்கன் பக்கம் போகப் போகிறேன், ஒரு குழுப் பயணம் பார்த்துச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊரில் எத்தனை ராத்திரி தங்கப் போகிறீர்கள் என்பதுதான். முதல் தடவை போனபோது 12 நாளில் 8 நாடு என்ற ஒரு திட்டத்தைப் பார்த்துப் பணம் கட்டினேன். தினமும் காலையில் பெட்டியைக் கட்டி வேனில் ஏறுவதும், ஏதாவது ஓர் எல்லையில் காத்துக் கிடப்பதுமாகப் பாதிப் பயணம் போய்விட்டது. வட மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேவுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். அன்னை தெரசா 1910-ல் பிறந்த ஊர் அது. 1963 ஜூலை 26 காலை வந்த நிலநடுக்கத்தில் 5:17-க்கு நின்றுபோன கடிகாரத்தை இன்றைக்கும் பழைய ரயில் நிலையத்துச் சுவரில் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிகாரத்தை நான் வேன் ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்த்தேன், அவ்வளவுதான். இரண்டாம் முறை 5 நாடு, 14 ராத்திரி என்று போனேன். இங்கே சொல்வதெல்லாம் அந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்தவை.

திட்டம் கையில் வந்ததும் ஒரு காகிதத்தில் ஊர்ப் பெயரை மட்டும் வரிசையாக எழுதி, பக்கத்தில் ராத்திரிக் கணக்கைப் போடுங்கள். "1, 1, 1, 1" என்று வரிசையாக வந்தால் அந்தத் திட்டம் வேண்டாம். ஒரு ராத்திரி தங்கும் ஊரில் நீங்கள் சாயங்காலம் போய்ச் சேருவீர்கள், சாப்பிடுவீர்கள், தூங்குவீர்கள், கிளம்பிவிடுவீர்கள். எனக்குச் சரியாக அமைந்த கணக்கு இது: போஸ்னியாவில் சரயேவோ 3, மோஸ்தார் 1, குரோஷியாவில் துப்ரோவ்னிக் 2, மாண்டினீக்ரோவில் கோட்டோர் 3, அல்பேனியாவில் பெராத் 2, வட மாசிடோனியாவில் ஓஹ்ரிட் 2, கடைசியாக ஸ்கோப்யே 1. ஒரே திசையில் போகும் பாதை என்பதால் பார்த்த ஊருக்குத் திரும்பி வர வேண்டியதில்லை. விமான டிக்கெட்டைச் சரயேவோவில் இறங்கி ஸ்கோப்யேயில் ஏறுகிற மாதிரி எடுத்துவிட்டால் போதும்.

தூரத்தைக் கிலோமீட்டரில் பார்த்து ஏமாற வேண்டாம். சரயேவோவிலிருந்து மோஸ்தார் 130 கி.மீ.தான், ஆனால் நெரேத்வா ஆற்றோடு வளைந்து வளைந்து போகும் சாலை, இரண்டரை மணி நேரம் ஆகும் (ஜன்னல் இருக்கையை விடாதீர்கள், அந்த ஆற்றின் பச்சை நிறம் வேறு எங்கும் நான் பார்க்காதது). துப்ரோவ்னிக்கிலிருந்து கோட்டோர் 90 கி.மீ.கூட வராது. சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், ஜூலை, ஆகஸ்டில் எல்லை வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலைப்பாதையில் குமட்டுபவர்கள் மாத்திரையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழு என்று எல்லாரும்தான் போடுகிறார்கள், அதனால் அதிகபட்சம் எத்தனை பேர் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 12 பேர் வரை இருந்தால் ஒரே வேனில் போகலாம், ஒரே மேஜையில் சாப்பிடலாம், வழிகாட்டி பேசுவது எல்லார் காதிலும் விழும். 16-ஐத் தாண்டினால் அது சின்னக் குழு கிடையாது. கூடவே, குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் பயணம் உறுதி என்றும் கேளுங்கள். ஆள் சேரவில்லை என்று கடைசி நேரத்தில் ரத்து செய்தால் விமான டிக்கெட் பணம் உங்கள் தலையில்தான் விழும், ஆகவே பயணம் உறுதி என்று பதில் வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். தனியாகப் போகிறவர்களுக்குத் தனி அறைக் கட்டணம் எவ்வளவு, கோட்டை மதில், சுரங்கம் இவற்றின் நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் தனியா, இதையெல்லாம் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே அந்த நிறுவனத்தைப் பாதி எடை போட்டுவிடலாம்.

விசா விஷயத்தில் நிதானம் தேவை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள், இருக்கிறது. போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, செர்பியா, கொசோவோ ஆகியவை அதற்கு வெளியே. இப்போது ஒரு சாதாரணத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: குரோஷியாவின் ஸ்பிலிட்டில் ஆரம்பித்து, மோஸ்தார் போய், துப்ரோவ்னிக் வந்து, கோட்டோர் பார்த்து, மறுபடி துப்ரோவ்னிக்கிலிருந்து விமானம். பார்க்க எளிதான பாதை, ஆனால் ஷெங்கனுக்குள் மூன்று முறை நுழைகிறீர்கள். ஷெங்கன் விசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒரு முறை நுழையும் விசாவோடு போனால் இரண்டாவது எல்லையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல முறை நுழையும் விசாதான் வாங்க வேண்டும். அந்த விசா செல்லுபடியாக இருந்தால் இந்தப் பக்கத்து நாடுகள் பலவும் தனி விசா கேட்காமல் விடுகின்றன, இருந்தாலும் எத்தனை நாள், என்ன நிபந்தனை என்பது நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். ஒவ்வொரு நாட்டின் வெளியுறவு அமைச்சக இணையதளத்திலும் நீங்களே பார்த்துவிடுங்கள், பயண நிறுவனம் சொல்வதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

செர்பியாவும் கொசோவோவும் இரண்டும் திட்டத்தில் இருந்தால் வரிசையைப் பாருங்கள். கொசோவோ 2008-ல் சுதந்திரம் அறிவித்ததைச் செர்பியா ஏற்கவில்லை. அல்பேனியா வழியாகவோ மாசிடோனியா வழியாகவோ கொசோவோவுக்குள் போய்விட்டு அங்கிருந்து நேராகச் செர்பியாவுக்குள் நுழையப் பார்த்தால், முறைப்படி நாட்டுக்குள் வராதவர் என்று நிறுத்திவிடுவார்கள். செர்பியா முதலில், கொசோவோ பிறகு என்றால் சிக்கல் இல்லை.

எல்லையில் என்ன நடக்கும் என்றால், பல இடங்களில் ஓட்டுநர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி மொத்தமாக ஜன்னலில் நீட்டுவார். திரும்பி வரும்போது கட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுப்பார்கள். உங்களுடையது உங்கள் கையில் வந்து, அட்டையைத் திறந்து உங்கள் படத்தைப் பார்த்த பிறகு வண்டி நகரட்டும். குரோஷிய எல்லையில் இது நடக்காது, அங்கே 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய புது முறைப்படி வெளிநாட்டவரின் கைரேகையையும் முகப்படத்தையும் பதிகிறார்கள், அதற்கு இறங்கித்தான் ஆக வேண்டும். 45 பேர் பஸ் ஒன்று உங்களுக்கு முன்னால் நின்றால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சின்னக் குழுவுக்கு நான் கூடுதல் பணம் கொடுப்பதற்கு இதுவே பெரிய காரணம். இன்னொன்று, ஸ்பிலிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக் கடலோரமாகப் போகும் திட்டத்தில் நேவும் என்ற ஊர் வழியாகப் பாதை போட்டிருந்தால், அது போஸ்னியாவின் சின்னக் கடற்கரைத் துண்டு, அதாவது ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வருகிறீர்கள். 2022-ல் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலத்தின் வழியாகப் போனால் குரோஷியாவை விட்டு இறங்கவே வேண்டாம். எந்த வழி என்று கேட்டுவிடுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது: உள்ளூர் வழிகாட்டி. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கூட வருகிறவர் ஒருவர் இருப்பார், அவர் அறை, சாப்பாடு, நேரம் எல்லாம் கவனிப்பார். அது போதாது. சரயேவோவில் சரயேவோக்காரர், மோஸ்தாரில் மோஸ்தார்க்காரர் பேச வேண்டும். சரயேவோ போஸ்னியப் போரில் 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை 1,425 நாள் முற்றுகையில் இருந்த நகரம். எங்களுக்கு வந்த வழிகாட்டி அப்போது சின்னப் பையன். நடைபாதையில் ஓரிடத்தில் நின்று கீழே கையைக் காட்டினார். சிமெண்டில் ஒரு குழி, அதைச் சுற்றி இதழ் விரித்த மாதிரிச் சிதறிய சின்னச் சின்னப் பள்ளங்கள், எல்லாவற்றிலும் சிவப்புப் பிசின் ஊற்றி நிரப்பியிருந்தது. குண்டு விழுந்து ஆட்கள் இறந்த இடத்தை அப்படி அடையாளம் வைக்கிறார்கள், சரயேவோ ரோஜா என்று பெயர். பல இடங்களில் அந்தச் சிவப்பு தேய்ந்து மங்கிவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்ற நாட்களைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னார், பிறகு நடக்க ஆரம்பித்தார். புத்தகத்தில் படித்த எதுவும் எனக்குள் அப்படி இறங்கியதில்லை.

சரயேவோவுக்கு 3 ராத்திரி என்று சொன்னது அதனால்தான். ஒரு நாள் பழைய கடைத்தெருவும், 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட லத்தீன் பாலத்து முனையும். இன்னொரு நாள் விமான நிலையத்துக்கு அடியில் 1993-ல் தோண்டிய, சுமார் 800 மீட்டர் நீளமுள்ள சுரங்கம் (அதில் ஒரு சின்னப் பகுதிதான் உள்ளே போய்ப் பார்க்க முடியும், குனிந்து நடக்க வேண்டும்). அப்புறம் 1984 குளிர்கால ஒலிம்பிக்குக்காகக் கட்டிய பனிச்சறுக்கு வண்டிப் பாதை இருக்கும் த்ரெபெவிச் மலை, கேபிள் கார் போகிறது. போஸ்னியாவில் மலைப் பக்கம் போனால் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்காதீர்கள், போர்க்காலக் கண்ணிவெடிகள் எடுக்கப்படாத இடங்கள் இன்னும் உண்டு, மண்டை ஓடு போட்ட சிவப்புப் பலகை அதற்குத்தான்.

போரைப் பற்றி அவர்களாகப் பேசினால் கேளுங்கள். நீங்கள் எந்த மதம், எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். ஒரே மாதிரிக் காபியைப் போஸ்னியாவில் போஸ்னியக் காபி என்றும் செர்பியாவில் செர்பியக் காபி என்றும் சொல்வார்கள், அந்த ஊரில் என்ன பெயரோ அதையே சொல்லி வாங்குங்கள். செம்புக் குவளையில் வரும் அந்தக் காபியை உடனே ஊற்ற வேண்டாம், தூள் அடியில் இறங்கட்டும். கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சர்க்கரைக் கட்டியின் முனையைக் காபியில் தொட்டு, ஒரு கடி கடித்துவிட்டு ஒரு வாய் உறிஞ்சுவார்கள். அவசரப்படுத்தும் திட்டத்தில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

மோஸ்தாரில் ஒரு ராத்திரியாவது தங்கியே ஆக வேண்டும். பகலில் துப்ரோவ்னிக்கிலிருந்து வரும் பஸ்களின் கூட்டம் ஆற்றின் மேலுள்ள பழைய கல் பாலத்தில் நெரியும், சாயங்காலம் எல்லாரும் போய்விடுவார்கள். 1566-ல் கட்டி முடித்த அந்தப் பாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கித் தாக்குதலில் விழுந்து, 2004-ல் மறுபடி எழுந்தது. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும், தளத்தில் குறுக்கே வரி வரியாகக் கல் மேடு வைத்திருப்பார்கள், கால் அதில்தான் பிடிக்கும், நடுவே உள்ள கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். தேய்ந்த செருப்போடு ஏறாதீர்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கே நான் மட்டும் நின்றிருந்தேன், கீழே ஆற்றுச் சத்தம் மட்டும்.

துப்ரோவ்னிக் மதில் 1,940 மீட்டர், திறந்தவுடன் ஏறிவிடுங்கள், சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்கள் வந்துவிட்டால் நகர முடியாது, நிழலும் கிடையாது. கோட்டோர் கோட்டைக்கு 1,350 படி, அதுவும் காலையிலேயே. இரண்டு ஊரிலும் மதிலுக்குள் வண்டி வராது. ஹோட்டல் உள்ளே இருந்தால் வாசலிலிருந்து பெட்டியை நீங்கள்தான் இழுக்க வேண்டும், படிக்கட்டுத் தெருவாக இருந்தால் தூக்க வேண்டும். அதனால் ஒரு நடுத்தரப் பெட்டி, ஒரு முதுகுப்பை, அதற்கு மேல் வேண்டாம். மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். மோஸ்தார் வெயில் ஜூலையில் 40 டிகிரியைத் தொடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம், சில சொற்கள் தெரிந்தால் போதும். போஸ்னியாவில் புரெக் என்றாலே இறைச்சி வைத்தது. அதே மாவுச் சுருளில் சீஸ் வைத்தது ஸிர்னிட்ஸா, கீரை வைத்தது ஸெல்யானிட்ஸா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா. எல்லாவற்றையும் புரெக் என்றே கேட்டு இறைச்சியை வாங்கிவிட்டு விழித்தவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். செர்பியா, மாசிடோனியா, மாண்டினீக்ரோ பக்கம் போஸ்னோ என்ற சொல் ரொம்ப உதவும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத உணவு, இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது, ஆனால் மீன் இருக்கலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாசிடோனியாவில் மண்சட்டியில் வேகவைத்த பீன்ஸ் தாவ்சே க்ராவ்சே, சில கடைகளில் தொத்திறைச்சி சேர்ப்பார்கள், 'பெஸ் மெசோ', இறைச்சி இல்லாமல், என்று சொல்லிவிடுங்கள். அல்பேனியாவில் அதுவே 'பா மிஷ்'. சுட்ட சிவப்புக் குடைமிளகாயைக் கெட்டியாக அரைத்த ஐவார் கிடைத்தால் ரொட்டி எத்தனை என்று கணக்கே தெரியாது.

பணம்: குரோஷியா, மாண்டினீக்ரோ, கொசோவோ யூரோ. போஸ்னியாவில் மார்க், 1 யூரோவுக்கு 1.95583 என்று கட்டி வைத்த மதிப்பு, ஆகவே விலையைப் பாதியாக்கினால் யூரோக் கணக்கு வந்துவிடும். அல்பேனியாவில் லெக், மாசிடோனியாவில் தெனார். நாட்டை விட்டுப் போவதற்கு முன் இவற்றைச் செலவழித்துவிடுங்கள், வெளியே மாற்றுவது கஷ்டம். ஏடிஎம் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். தொலைபேசிக்கு, ஐரோப்பிய ஒன்றியத்து சிம்மின் இலவச ரோமிங் போஸ்னியாவிலும் அல்பேனியாவிலும் வேலை செய்யாது, ஷெங்கனுக்கு வெளியே என்று மேலே சொன்ன 6 நாடுகளுக்குள் 2021 ஜூலையிலிருந்து தனியாக ஒரு ரோமிங் ஏற்பாடு இருக்கிறது, அதனால் அங்கே இறங்கியதும் ஓர் உள்ளூர் சிம் எடுத்தால் மற்ற 5 நாடுகளிலும் ஓடும். பயணக் காப்பீட்டில் எல்லா நாட்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், ஷெங்கனுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

கடைசி ராத்திரி ஸ்கோப்யேயில் என்றால் விமானம் மறுநாள் மதியத்துக்கு மேல் இருக்கும்படி எடுங்கள். காலையில் பழைய ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம், இப்போது அது நகர அருங்காட்சியகம். வெளியே நின்று நிமிர்ந்து பார்த்தால் கடிகாரம் தெரியும். இரண்டாம் முறை அதன் அடியில் நான் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றேன், யாரும் வண்டிக்குக் கூப்பிடவில்லை.