தொங்கு நாடாளுமன்றத்தில் கட்சி ஒப்பந்தம் நிலைக்குமா? பிரிட்டனை வைத்துக் கணிக்கும் முறை

பிரிட்டனில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், தலைவர்கள் கைகுலுக்கும் படத்தை ஒதுக்கிவிட்டு ஒப்பந்தத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. மொத்த இடங்கள் 650, ஆகவே 326 வேண்டும் என்பார்கள். அவ்வளவு தேவையில்லை. சபாநாயகரும் துணைச் சபாநாயகர்கள் மூவரும் வாக்களிப்பதில்லை. வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சியினர் அவையில் அமர்வதே இல்லை. 2017 தேர்தலில் அவர்கள் 7 பேர். ஆக வாக்களிப்போர் 639, பெரும்பான்மைக்கு 320. கன்சர்வேட்டிவ் கட்சி வென்றது 317. அதில் ஒருவர் துணைச் சபாநாயகரானதால் கையில் இருந்தது 316. வட அயர்லாந்தின் இன்னொரு கட்சியான டி.யு.பி. தந்த 10 வாக்குகளோடு 326. எதிரணியில் 313. அந்தப் பத்துப் பேருக்காகத்தான் வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்ட் ஒதுக்கப்பட்டது.

அடுத்து, ஒப்பந்தத்தின் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும். 2010இல் கன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கேமரனும் லிபரல் டெமாக்ரட் தலைவர் நிக் கிளெக்கும் அமைத்த கூட்டணியில், வாக்களிக்கும் முறையை மாற்றுவது குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடத்தும் மசோதாவுக்கு இரு கட்சிகளும் கொறடா உத்தரவு போட வேண்டும் என்று இருந்தது. பிரசாரத்தில் எந்தப் பக்கம் நிற்பது என்பது அவரவர் விருப்பம். கன்சர்வேட்டிவ்கள் மசோதாவை நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு, ‘வேண்டாம்’ பக்கம் பிரசாரம் செய்தார்கள். 2011 மே 5 அன்று 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எழுத்துப்படி யாரும் வாக்குத் தவறவில்லை. நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் சீர்திருத்தத்திலும் அப்படித்தான்: குழு அமைத்து முன்மொழிவு கொண்டுவருவதாக எழுதினார்களே தவிர, நிறைவேற்றுவதாக எழுதவில்லை. ‘கொண்டுவருவோம்’, ‘பரிசீலிப்போம்’ என்ற சொற்களைக் கண்டால் அந்த வாக்குறுதியைப் பாதி விலைக்கே மதிப்பிடுங்கள்.

மூன்றாவது, யார் கைக்கு எது எப்போது வருகிறது என்ற வரிசை. பொதுவாக்கெடுப்பையும் கன்சர்வேட்டிவ்கள் விரும்பிய தொகுதி மறுவரையறையையும் ஒரே சட்டத்தில் கட்டியிருந்தார்கள். முன்னது தோற்றும் பின்னது நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் புதிய எல்லைகளுக்கு நாடாளுமன்றத்தின் கடைசி ஒப்புதல் மிச்சமிருந்தது. 2012இல் பிரபுக்கள் சபைச் சீர்திருத்த மசோதாவை 91 கன்சர்வேட்டிவ் உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்து, அது கைவிடப்பட்டபோது, கிளெக் அந்தப் பிடியைப் பயன்படுத்தினார். 2013 ஜனவரியில் மறுவரையறை 334–292 என்ற கணக்கில் தள்ளிப்போடப்பட்டது. சிறிய கட்சிக்கு இப்படி ஒரு வாக்கெடுப்பாவது கடைசிவரை கையில் இருக்க வேண்டும். அதை வைத்துத் தன் வாக்காளர்களை மீட்க முடியாது என்பது வேறு விஷயம். கல்விக் கட்டணத்தை உயர்த்த விடமாட்டோம் என்று கையெழுத்திட்டவர்களில் பலர் 9,000 பவுண்ட் உச்சவரம்புக்கு வாக்களித்ததை மக்கள் மன்னிக்கவில்லை. 57 ஆக இருந்த லிபரல் டெமாக்ரட் இடங்கள் 2015இல் 8 ஆயின. இழந்தவற்றில் 27ஐப் பிடித்தது கூட்டாளியான கன்சர்வேட்டிவ் கட்சியே.

நான்காவது, பிரிந்தால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். 2019 ஜனவரி 15 அன்று கன்சர்வேட்டிவ் பிரதமர் தெரசா மேயின் பிரெக்சிட் ஒப்பந்தத்தை டி.யு.பி. எதிர்த்தது, அது 230 வாக்கு வித்தியாசத்தில் வீழ்ந்தது. மறுநாள் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அதே டி.யு.பி. அவரைக் காப்பாற்றியது: 325–306. அந்தப் பத்துப் பேர் பக்கம் மாறியிருந்தால் 315–316, ஆட்சி போயிருக்கும். தொழிற்கட்சித் தலைவர் ஜெரமி கோர்பின் பிரதமராவதை அவர்கள் விரும்பவில்லை. அந்தப் பயம்தான் ஒப்பந்தத்தைத் தாங்கியது.

எழுத்தில் இல்லாத நம்பிக்கையையும் கவனியுங்கள். நோயாலோ பிரசவத்தாலோ ஒருவர் வர முடியாதபோது, எதிர்க்கட்சியில் ஒருவரும் வாக்களிக்காமல் ஈடுகட்டுவது ‘பேரிங்’. கொறடாக்களின் வாய்ச்சொல்தான் அதற்கு ஆதாரம். 1979 மார்ச் 28 அன்று தொழிற்கட்சியின் ஆல்ஃபிரட் பிராட்டன் சாகும் தறுவாயில் இருந்தார். அவருக்கு ஈடாகத் தானே வாக்களிக்காமல் இருப்பதாகக் கன்சர்வேட்டிவ் துணைக் கொறடா பெர்னார்ட் வெதரில் முன்வந்தார். அதைச் செய்தால் வெதரிலின் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்று அறிந்த தொழிற்கட்சிக் கொறடா வால்டர் ஹாரிசன் ஏற்க மறுத்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தொழிற்கட்சிப் பிரதமர் கேலகனின் அரசு 311–310 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 2018 ஜூலையிலோ, பிரசவ விடுப்பில் இருந்த லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் ஜோ ஸ்வின்சனுக்கு ஈடாக நிற்க வேண்டிய, கன்சர்வேட்டிவ் கட்சி அமைப்பின் தலைவர் (சேர்மன்) பிராண்டன் லூயிஸ் வாக்களித்துவிட்டார். தவறுதலாக நடந்தது என்றது அரசு, எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை. 2019 ஜனவரியிலேயே, குழந்தை பெற்ற உறுப்பினர்கள் வேறொருவர் மூலம் வாக்களிக்கும் முறை வந்தது. வாய்ச்சொல்லுக்குப் பதில் விதி கேட்கிறார்கள் என்றால் உறவு தேய்ந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. ஒப்பந்தத்தை முறிப்பவர் மறுநாள் காலைக்கான எண்ணிக்கையை முந்தின இரவே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2024 ஏப்ரல் 25 அன்று முதலமைச்சர் ஹம்சா யூசுஃப் பசுமைக் கட்சியுடனான உடன்பாட்டை ஒரே காலையில் முடித்தார். அவருடைய ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு 63 இடங்கள். அவைத்தலைவர் நீங்கலாக அவையில் 128 பேர். பாதிக்கு ஒன்று குறைவு. கோபமடைந்த பசுமைக் கட்சியினர் அவருக்கு எதிராக வாக்களிப்பதாக அறிவித்தார்கள். ஏப்ரல் 29 அன்று பதவி விலகுவதாக அவரே அறிவித்தார்.