ஃபயர் டிவி ஸ்டிக்: யாரும் தொட்டுப் பார்க்காத சில செட்டிங்ஸ்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஏதாவது கடையில் போய் "அண்ணாச்சி, ஸ்டிக்கில் படம் வெட்டி வெட்டி வருது" என்று சொல்லிப் பாருங்கள். நெட் பிளானைக் கூட்டச் சொல்வார்கள், இல்லையென்றால் புது மாடலைக் காட்டுவார்கள். காசு செலவழிக்கும் முன்னால் பார்க்க வேண்டிய சில இடங்கள் ஸ்டிக்கின் உள்ளேயே இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் நான் மாற்றிவிட்டு, பலன் கிடைத்தவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்வது, டிவியில் செருகி நெட் வழியாகப் படம் பார்க்க உதவும் அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்கை வைத்து. கூகுள் டிவி வைத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பல உண்டு, பெயர்தான் கொஞ்சம் மாறும். ஃபயர் டிவியிலும் மாடலுக்கு மாடல் மெனு ஒன்றிரண்டு இடம் தள்ளி இருக்கலாம், தேடிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை டிவியில் செருகுவது, அக்கவுண்ட் போடுவது எல்லாம் ஏற்கனவே முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கரண்ட்

இது செட்டிங்கே கிடையாது. ஆனால் இது சரியில்லாவிட்டால் கீழே சொல்லும் எதுவும் பலிக்காது. ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர். டிவியின் பின்னால் இருக்கும் சாதாரண யுஎஸ்பி துளையில் பெரும்பாலும் அதில் பாதி, 500 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். மெனு மட்டும் ஓடும்போது தெரியாது. படம் போட்டு அரை மணி நேரத்தில் ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகும், இல்லையென்றால் லோகோவிலேயே நிற்கும்.

நம் குமரி மாவட்டத்தில் இந்தப் பிரச்சினை அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு. துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் மகன் லீவுக்கு வரும்போது ஸ்டிக் வாங்கி வருவான். அதன் அடாப்டர் தடித்த மூன்று சதுர முள் வைத்தது, நம் ஊர் பிளக் பாயிண்டில் ஏறாது. சரி, டிவியிலேயே செருகிவிடுவோம் என்று செருகிவிட்டு அவன் பிளைட் ஏறிவிடுவான். வீட்டில் கிடக்கும் பழைய போன் சார்ஜர் ஒன்றை எடுத்து, 5 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று அதில் அச்சிட்டிருந்தால் அதில் செருகுங்கள். வேலை முடிந்தது.

வைஃபை

பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயர் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டவர்கள்தான் அதிகம். டிவியின் உலோக முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்கும் ஸ்டிக்குக்கு வைஃபை சரியாகக் கிடைக்காது. அந்த வயரைப் போட்டு வெளியே தள்ளி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் செட்டிங்ஸில் நெட்வொர்க் போய், இணைந்திருக்கும் உங்கள் வைஃபை பெயரின் மேல் நின்று பிளே/பாஸ் பட்டனை அழுத்துங்கள். ஓகே பட்டன் இல்லை, பிளே/பாஸ். இணைப்பு எப்படி இருக்கிறது என்று சோதித்துச் சொல்லும். திரையில் சின்ன எழுத்தில் குறிப்பு இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தின் அளவு), 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்பது நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கு. ரூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போனில் 100 காட்டுகிறது, டிவி இருக்கும் அறையில் 6 காட்டுகிறது என்றால் பிளானை மாற்றி என்ன பயன்?

வெட்டுக்கல் சுவர் வைத்த பழைய வீடுகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். அங்கே 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவாக இருந்தாலும் அறுந்து போகாது. ரூட்டரும் டிவியும் ஒரே அறை என்றால் 5-ஐப் போடுங்கள். என் விருப்பம் இரண்டுமே இல்லை: ஸ்டிக்குக்கென்று விற்கும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கி வயர் இழுத்துவிடுவது. 100 எம்பிபிஎஸ்தான் தாங்கும். படம் பார்க்க அதற்கு மேல் எதற்கு?

படம் இழுத்து இழுத்து நகர்வது

இந்த இடத்தில்தான் எனக்கு நிறைய நேரம் போனது. நெட் நன்றாக இருக்கிறது, சுற்றும் வட்டம் வரவில்லை, படம் தெளிவு. ஆனாலும் செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்து சீராக ஓடாமல் தட்டித் தட்டி நகர்கிறது. கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது காட்சி குலுங்குகிறது. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

காரணம் எளிது. சினிமா வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. நம் நாட்டு டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷன் காலத்திலிருந்தே 25, 50 என்ற கணக்கில் நடக்கிறது. ஸ்டிக் பெரும்பாலும் வினாடிக்கு 60 தடவை டிவிக்குப் படம் அனுப்பும்படி நிற்கும். 24-ஐ 60-க்குள் அடைக்க, ஒரு படத்தை மூன்று தடவையும் அடுத்ததை இரண்டு தடவையும் மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். 25-ஐ அடைப்பது இன்னும் கோணல், ஒரு படத்துக்கு 2.4 தடவை என்று வருகிறது. அந்தச் சமமில்லாத நடைதான் குலுக்கல்.

செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் 'மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட்' என்று ஒன்று அணைந்து கிடக்கும். அதை ஆன் செய்யுங்கள். கூகுள் டிவியில் 'மேட்ச் கன்டென்ட் ஃப்ரேம் ரேட்' என்று இருக்கும். இனி படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டதோ அந்த வேகத்துக்கு டிவியையே மாறச் சொல்லும்.

இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரை ஒரு வினாடி கறுத்துத் திரும்பும். டிவி வேகம் மாறும் நேரம் அது. எச்டிஎம்ஐ வயர் போச்சு என்று நினைத்து புது வயர் வாங்காதீர்கள்.

இரண்டாவதுதான் என்னைச் சுற்ற வைத்தது. எல்லா ஆப்பும் இந்த வசதியைப் பயன்படுத்துவதில்லை. சினிமா சரியானது, செய்தி நேரலை பழைய மாதிரியே குலுங்கியது. செட்டிங் ஆனில்தான் இருக்கிறது, டிவியும் 50-ஐ ஏற்கக்கூடியது, பிறகு ஏன் என்று புரியவே இல்லை. வேகத்தை மாற்றச் சொல்லி ஆப்தான் கேட்க வேண்டும், கேட்காத ஆப்புக்கு இந்த செட்டிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு வழி அதே டிஸ்ப்ளே பக்கத்தில் உள்ள 'வீடியோ ரெசல்யூஷன்'. அதில் 'ஆட்டோ' என்று இருப்பதை '1080பி 50 ஹெர்ட்ஸ்', அதாவது வினாடிக்கு 50 தடவை, என்று கையால் மாற்றுங்கள். அடியில் ஓடும் எழுத்து நிமிடத்தில் சீராகிவிடும்.

குழித்துறை தாண்டிக் களியக்காவிளைப் பக்கம் போனால் காலையில் மலையாளச் செய்தி, சாயங்காலம் தமிழ் சீரியல், இடையில் கிரிக்கெட் என்று நேரலையிலேயே நாள் ஓடும் வீடுகள் நிறைய. அவர்களுக்கு 50 ஹெர்ட்ஸ்தான் நல்லது. சினிமாவும் வெப் சீரிஸும் மட்டும் பார்ப்பவர்கள் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு மேட்ச் ஒரிஜினலை மட்டும் ஆன் செய்தால் போதும். மாறியதா என்று பார்க்க டிவியின் சொந்த ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்துங்கள், பல டிவிகளில் வரும் சிக்னல் 50-ஆ 60-ஆ என்று காட்டும்.

உங்கள் டிவி ஏற்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரை முழுக்கக் கறுத்துவிட்டால் பதற வேண்டாம். ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்ட் பட்டனையும் சேர்த்து ஐந்து வினாடி பிடித்திருங்கள். ஸ்டிக் ஒவ்வொரு ரெசல்யூஷனாக மாற்றிக் காட்டும், படம் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

இதோடு டிவியின் உள்ளே இருக்கும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர். இல்லாத படங்களை நடுவில் தானாக உருவாக்கிச் செருகும் வேலை அது. நல்ல சினிமாவும் சீரியல் மாதிரித் தெரிவதற்கு அதுதான் காரணம். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

சத்தம்

சவுண்ட்பார் இல்லாதவர்கள், வசனம் முணுமுணுப்பாகவும் சண்டைக் காட்சி காதைப் பிளப்பதாகவும் இருந்தால், ஆடியோ பக்கத்தில் சரவுண்ட் சவுண்டை 'பிசிஎம்' (சாதாரண ஸ்டீரியோ சத்தம்) என்று வைத்துப் பாருங்கள். பழைய ஹோம் தியேட்டரை ஆப்டிகல் வயரில் இணைத்திருப்பவர்கள் 'டால்பி டிஜிட்டல்' தேர்ந்தெடுக்க வேண்டும். 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' அந்த வயரில் போகாது, சத்தமே வராமல் நிற்கும்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்றால் 'ஏவி சின்க் டியூனிங்' இருக்கிறது. குதிக்கும் பந்தைப் பார்த்து, சத்தத்தை அதோடு பொருந்தும் வரை நகர்த்த வேண்டியதுதான். பாட்டாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தம் கூட்டினால் பக்கத்து வீடு வரை கேட்கும் என்கிற வீட்டில் ஒரு ப்ளூடூத் ஹெட்போனை ஸ்டிக்கிலேயே நேராக இணைத்துவிடலாம். கன்ட்ரோலர்ஸ் அண்ட் ப்ளூடூத் டிவைசஸ் என்ற இடத்தில் 'அதர் ப்ளூடூத் டிவைசஸ்'.

மிச்சம் மூன்று, சுருக்கமாக

ப்ரெஃபரன்சஸ், ஃபீச்சர்டு கன்டென்ட் போய் வீடியோ ஆட்டோபிளே, ஆடியோ ஆட்டோபிளே இரண்டையும் அணையுங்கள். முகப்பில் தானாக ஓடும் வீடியோ நின்றுவிடும்.

பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரத்தில் போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துப் பார்ப்பவர்கள் அதே ப்ரெஃபரன்சஸில் டேட்டா மானிட்டரிங்கை ஆன் செய்து வீடியோ தரத்தைக் குறைத்து வையுங்கள். நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், சாதாரணத் தரத்தில் 1 ஜிபி.

எச்டிஎம்ஐ சிஇசி-யை ஸ்டிக்கிலும் டிவியிலும் ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சின்க் என்று ஆளுக்கொரு பெயர். ஆன் செய்தால் டிவி ரிமோட்டே ஸ்டிக்கையும் நகர்த்தும். இதன் அருமை ஸ்டிக் ரிமோட் தொலையும்போது தெரியும்.

ஐப்பசி இடி

ஐப்பசியில் இடி மின்னல் வரும்போது துண்டிக்க வேண்டியது ஸ்டிக்கை மட்டும் இல்லை. ஃபைபர் கண்ணாடி இழை, அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் டிவியில் செருகியிருக்கும் பழைய கேபிள் வயர் செம்பு. இடியின் வேகம் அதன் வழியாக டிவிக்குள் ஏறி, எச்டிஎம்ஐ துளை வழியாக ஸ்டிக்கையும் முடித்துவிடும். மதியம் மூன்று மணிக்கு வானில் கருக்கல் கட்டினால் கேபிள் வயரையும் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்குங்கள்.

கரண்ட் போய் வந்ததும் 'நெட் இல்லை' என்று காட்டினால் ரூட்டர் இன்னும் முழித்திருக்காது. அதற்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கிப் போட்டால் இந்தத் தொல்லை போகும். வாங்கும் முன்னால் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1

"டிவி திடீரென்று பேச ஆரம்பித்துவிட்டது, எதை அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்கிறது" என்று கருங்கலிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். பேயும் இல்லை, ஹேக்கிங்கும் இல்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வாய்ஸ்வியூ அது. பேக் பட்டனும் மூன்று கோடு போட்ட மெனு பட்டனும் ஒன்றாக இரண்டு வினாடி அழுந்தினால் ஆன் ஆகும். குழந்தைகள் கையில் ரிமோட் கொடுத்த வீடுகளில் சகஜம். அதே இரண்டையும் மறுபடி அப்படியே பிடித்தால் அணைந்துவிடும்.

பின்சேர்க்கை 2

ரிமோட் தொலைந்தது, ரூட்டரும் மாறிவிட்டது, போனில் ஃபயர் டிவி ஆப் இருந்தும் ஸ்டிக்கைக் கண்டுபிடிக்கவில்லை என்று இன்னொருவர் கேட்டார். ஆப் ரிமோட்டாக வேலை செய்ய போனும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். ஸ்டிக்கோ பழைய வைஃபையைத்தான் தேடிக்கொண்டிருக்கும். வீட்டில் உள்ள வேறொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதற்குப் பழைய ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கொடுங்கள். ஸ்டிக் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆப் உள்ள போனையும் அதே ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, ஆப் வழியாக ஸ்டிக்கைப் புது வைஃபைக்கு மாற்றிவிடலாம். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி ஒன்றுகூட மாறக்கூடாது. பழைய பெயர் மறந்துபோயிருந்தால், முன்பு அந்த வைஃபையில் இருந்த ஏதாவது போனில் சேமித்த நெட்வொர்க் பட்டியலைப் பாருங்கள், அங்கே கிடக்கும்.