பழைய செயின்சா இன்ஜின்: பழுதின் காரணம் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை விடியற்காலையில் வீசும் சுமத்ரா புயல்காற்றில் சிங்கப்பூரில் மரங்கள் சாயும்போதுதான், கொட்டகை மூலையில் மாதக்கணக்கில் கிடந்த பழைய செயின்சாவைப் பலரும் வெளியே எடுக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் தடையே இல்லாமல் வந்துவிடும், அல்லது அசையவே அசையாது. உடனே புதிய பிஸ்டன் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை) வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். பிஸ்டன் ஏன் கெட்டது என்பதைக் கண்டுபிடிக்காமல் அதை மாற்றினால், புதியதும் அதே வழியில்தான் போகும். கிராஞ்சிப் பக்கத்தில் தோட்டப் பராமரிப்பு வேலையில் இருந்தபோது நானே அப்படி ஒரு பிஸ்டனை மாற்றி, இரண்டே வாரத்தில் அதையும் இழந்திருக்கிறேன். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்கின் ஓரத்தில், கசிவைத் தடுக்க வேண்டிய ரப்பர் வளையமான ஆயில் சீல் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் மீட்டரைப் பொருத்துங்கள். ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்டுவேர் கடைகளில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். த்ராட்டிலை முழுவதும் அழுத்திப் பிடித்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை ஆறேழு முறை இழுக்க வேண்டும். 150 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அளவில் நின்றால் நல்ல நிலை. 120க்குக் கீழே இறங்கினால் சந்தேகிக்க வேண்டும், 100ஐயும் எட்டாவிட்டால் கழற்றாமல் தீராது. உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது.

சைலன்சரைக் கழற்றினால், புகை வெளியேறும் துளை வழியாகவே பிஸ்டனைப் பார்த்துவிடலாம். டார்ச் வெளிச்சத்தில் கயிற்றை மெதுவாக இழுத்து, பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் செங்குத்துக் கீறல்கள் இருந்தால், பெரும்பாலும் அளவுக்கு மீறிய சூடு காரணம்: கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று கசிந்திருக்கலாம். சுற்றிலும் கீறியிருந்தால் எண்ணெய் கலக்காத பெட்ரோலைச் சந்தேகியுங்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கும்போது அந்தப் பக்கம் பளபளப்பு போய், சாம்பல் நிறத்தில் மங்கித் தேய்ந்திருந்தால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக மரத்தூள் உள்ளே போயிருக்கிறது.

சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்கின் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. மேலும் கீழும் ஆடினால் அதன் பேரிங் தேய்ந்துவிட்டது. நம் ஊர் ஈரக்காற்றில் நெடுநாள் சும்மா கிடந்த இயந்திரங்களில் பேரிங் துருப்பிடிப்பது சாதாரணம். கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவதுபோல் உணர்ந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.

சிலிண்டர் சுவரில் தெரியும் கோடுகளெல்லாம் கீறல்கள் அல்ல. பல நேரங்களில் அவை பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டிய தடங்களே, அடியிலுள்ள கடினமான பூச்சு பழுதின்றி இருக்கும். காற்றோட்டமான திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பஞ்சுக் குச்சியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட்டு, ஒட்டிய தடத்தின் மேல் மட்டும் தடவுங்கள். அலுமினியம் கரையும்வரை நுரைக்கும். நுரை அடங்கிவிட்டால் தடம் போய்விட்டது என்று பொருள். அடங்காமல் நுரைத்துக்கொண்டே இருந்தால் பூச்சு உரிந்து அமிலம் சிலிண்டரையே அரிக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள், அந்தச் சிலிண்டர் இனி உதவாது. சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளின் ஓரங்கள் பூச்சில்லாத அலுமினியம் என்பதால் அங்கே அமிலம் படவே கூடாது. பிறகு சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி வையுங்கள். இப்படித் தேறிய அசல் சிலிண்டரை, விலை மலிந்த புதியதைவிட நான் பெரிதும் மதிக்கிறேன்.

புதிய பிஸ்டனின் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் வளையமான ரிங்கின் இரு முனைகளும் பள்ளத்திலுள்ள சிறு ஊசியின் இருபுறமும் அமர வேண்டும், தவறினால் முதல் சுற்றிலேயே ரிங் உடையும். பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் சிறு கம்பி வளையமான சர்க்ளிப்பில், பழையதை மறுபடி மாட்டாதீர்கள்.

இன்ஜினைப் பூட்டியபின் கசிவுச் சோதனை கட்டாயம். கார்புரேட்டர், சைலன்சர் பக்கங்களிலுள்ள இரு துளைகளையும் ரப்பர் தாளால் அடைத்து, பிஸ்டனைக் கீழே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் 7 பி.எஸ்.ஐ. காற்றேற்றி, சீல்களிலும் இணைப்புகளுக்கு இடையே வைக்கும் தாளான கேஸ்கெட்டிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அடுத்து காற்றை உறிஞ்சியும் சோதிக்க வேண்டும், ஏனெனில் அழுத்தத்தைத் தாங்கும் சீல் சில சமயம் உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கும். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் குழாயை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பூட்டுங்கள்.

தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால், லிட்டருக்கு 20 மில்லி வீதம் நல்ல டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலந்து, கார்புரேட்டரைச் சற்றே அதிகப் பெட்ரோல் வரும்படி திருகி வைத்து, முதல் டேங்க் முழுவதும் மெல்லிய கிளைகளை மட்டும் அறுங்கள். த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் தணியாமல் இரைந்தால் எங்கோ காற்று கசிகிறது, உடனே நிறுத்த வேண்டும். டேங்க் தீர்ந்து இன்ஜின் ஆறியதும், சைலன்சரை மீண்டும் கழற்றி டார்ச் அடித்துப் பிஸ்டனை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.