எதிர்காலம் குறித்த பயத்தையும் நம்பிக்கையையும் சரிபார்ப்பது எப்படி?

ஒரே செய்தியைப் படித்துவிட்டு ஒருவர் "உலகம் கெட்டுப்போச்சு" என்பார், அடுத்தவர் "எல்லாம் சரியாகிவிடும்" என்பார். சுபாவமும் ஒரு காரணம்தான். ஆனால் எதை எண்ணுகிறார்கள், எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதும் பெரிய காரணம். இதை ஒரு தாளிலேயே சோதிக்கலாம்.

முதலில் உங்கள் எண்ணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அதில் ஓர் அளவும் ஓர் ஆண்டும் இருக்க வேண்டும். "குழந்தைகளுக்கு இது நல்ல உலகமில்லை" என்பதைச் சரிபார்க்க வழியில்லை. "ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 10 ஆண்டில் கூடும்" என்பதைச் சரிபார்க்கலாம்.

அடுத்து, குறைந்தது 30 ஆண்டுக் கணக்கை எடுங்கள். 1990-ல் உலகில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 93 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. 2022-ல் அது சுமார் 37. அதே சமயம், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு காற்றில் 1958-ல் பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. முதல் கணக்கை மட்டும் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்குவார். இரண்டாவதை மட்டும் பார்த்தவருக்குத் தூக்கம் பிடிக்காது. இரண்டையும் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பலர் சறுக்குவது தொடக்க ஆண்டில். 1980-ல் உயிரியலாளர் பால் எர்லிக்கும் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் ஐந்து உலோகங்களின் விலையை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். மக்கள்தொகை பெருகி வளங்கள் அரிதாகும், அதனால் விலை ஏறும் என்றார் எர்லிக். 1990-ல் தோற்று, 576.07 டாலர் காசோலை அனுப்பினார். வேறொரு பத்தாண்டாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். அதனால் தொடக்கத்தை ஐந்து ஆண்டு முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். போக்கு தலைகீழானால் அந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். எண்ணிக்கையையும் விகிதத்தையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: மக்கள்தொகை கூடினால், விகிதம் குறைந்தாலும் எண்ணிக்கை ஏறலாம்.

கவலைப்படுபவர்கள் கவனிக்க: விபத்து ஒரே நாளில் நடப்பதால் செய்தியாகிறது. நோய் மெல்லக் குறைவது எந்த நாளிலும் தலைப்பாவதில்லை. எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும்.

நம்பிக்கையாளர்களுக்கு இன்னும் கடுமையான சோதனை வேண்டும் என்பது எங்கள் கருத்து. "சரியாகிவிடும்" என்ற வரிக்குக் கீழே யார், என்ன செய்து, எந்த ஆண்டுக்குள் என்று எழுதுங்கள். சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்த செய்தி 1985-ல் வெளியானது. 1987-ல், படலத்தை அரிக்கும் வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கவலைப்பட்டவர்கள் விடாமல் வேலை செய்ததால்தான் படலம் மீண்டுவருகிறது. "யார்" என்ற இடம் காலியாக இருந்தால், உங்களிடம் இருப்பது வெறும் ஆசை.

தாளில் தேதி போட்டு வையுங்கள். ஓராண்டு கழித்து, எழுதிய வரியைத் திருத்தாமல், புதிய கணக்கை அதன் கீழே எழுதுங்கள்.