மண்ணில் இல்லாத ஓட்டத்தை அளக்காதீர்கள்: வெப்ப ஊசி பாவிப்போர் விடும் பிழைகள்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோர மணலில் மிளகாயும் வெங்காயமும் செய்கிறவர்களுக்குத் தீராத கேள்வி ஒன்று உண்டு. இறைக்கிற தண்ணீரில் எவ்வளவு வேரைத் தாண்டிக் கீழே போகிறது? அது சும்மா போவதில்லை. யூரியாவையும் கரைத்துக்கொண்டு போய்க் கிணற்று நீரில் சேர்க்கிறது. இதை அளக்க வெப்பத் துடிப்பு ஊசிகள் நல்ல வழி. வாவியோர உப்பு மண்ணில் மின்சார ஈரமானிகள் தடுமாறும். வெப்ப முறையை உப்பு அவ்வளவாகப் பாதிக்காது.

மூன்று ஊசிகள், ஒன்றன் கீழ் ஒன்று. நடு ஊசிக்குள் சூடாக்கும் கம்பி இருக்கும். அதற்கு மேலும் கீழும் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் தள்ளி இருப்பவை வெப்பநிலை பார்ப்பவை. நடு ஊசியை 8 செக்கன் சூடாக்குகிறோம். இதுதான் துடிப்பு. நீர் கீழ்நோக்கி நகர்ந்தால் கீழ் ஊசி சற்றுக் கூடுதலாகச் சூடேறும். கீழ் ஊசியின் ஏற்றத்துக்கும் மேல் ஊசியின் ஏற்றத்துக்கும் உள்ள விகிதத்துக்கு (கீழ் ÷ மேல்) இயற்கை மடக்கை எடுத்து, மண்ணின் வெப்பக் கடத்தாற்றால் பெருக்கி, ஊசி இடைவெளியாலும் நீரின் கனவளவு வெப்பக் கொள்ளளவாலும் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். 2002இல் வாங், ஒக்ஸ்னர், ஹோர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் சுருக்கித் தந்த கணக்கு இது. கணக்கு இவ்வளவு எளிதாக இருப்பதுதான் ஆபத்து.

ஈர மணலின் கடத்தாற்றை 1.5 (ஒரு மீற்றருக்கு, ஒரு பாகைக்கு இத்தனை வாற்று) என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 1 மில்லிமீற்றர் ஓடும்போது இரண்டு ஊசிகளுக்கும் உள்ள வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. ஊசி 1 பாகை சூடேறினால், நாம் தேடுவது 0.005 பாகை. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றப் பிழைகள் எல்லாம் தாமாகவே தெரியும். பெரும்பாலானவை இல்லாத ஓட்டத்தை அளந்துவிடும் பிழைகள்.

முதலாவது, பெட்டியில் அச்சிட்டிருக்கும் 6 மில்லிமீற்றரை நம்புவது. ஒரு பக்கம் 6.0, மறுபக்கம் 6.1 என்று இருந்தால் போதும். உச்ச வெப்பநிலை தூரத்தின் வர்க்கத்தோடு குறைவதால் விகிதம் மூன்று சதவீதத்துக்கு மேல் பிசகும். கணக்கில் அது மணிக்கு 7 மில்லிமீற்றர் ஓட்டமாக வந்து நிற்கும், மண்ணில் ஒரு துளி அசையாதபோதும்! ஆகவே பூச்சிய சோதனை இல்லாமல் வயலுக்குப் போகவே கூடாது. பிவிசி குழாய்த் துண்டில் மணலை நிரப்பி, நீரால் முழுதும் நனைத்து, ஊசியைச் செருகி, இரு பக்கமும் இறுக மூடி, வெப்பம் மாறாத அறையில் ஓர் இரவு விடுங்கள். உள்ளே நீர் ஓட வழியில்லை. அப்போதும் வரும் மடக்கைப் பெறுமானம் ஊசியின் பிழை. ஒவ்வொரு அளவீட்டிலும் அதைக் கழிக்க வேண்டும். சரி, செருகும்போது ஊசி வளைந்தால்? வளையும். அதனால் பல நாள் தண்ணீர் காட்டாத நிலத்தில், விடியுமுன் எடுத்த அளவீடுகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் 5 சென்ரிமீற்றர் ஆழத்து மணல் மணிக்கு ஒரு பாகை ஏறுவது புதினமில்லை. இரண்டு நிமிட அளவீட்டுக்குள் அது 0.03 பாகை. மேல் ஊசி கீழ் ஊசியை விட 0.003, 0.004 பாகை கூடுதலாக ஏறும். நாம் தேடுகிற வித்தியாசமும் அதே அளவுதான். இதைக் கழிக்காதவர்களுக்குப் பகலில் நீர் மேலேறி இரவில் கீழிறங்கும் அழகான வரைபடம் கிடைக்கும். அழகு மட்டும்தான். துடிப்புக்கு முன் சில நிமிடம் வெப்பநிலையைப் பதிந்து, அது மாறும் சரிவை அளவீட்டு நேரத்துக்கும் நீட்டிக் கழியுங்கள்.

வெப்பக் கடத்தாற்றைப் புத்தகத்திலிருந்து எடுத்து மாறாமல் வைப்பதும் பிழை. காய்ந்த மணலில் 0.3 அளவில் இருப்பது நனைந்ததும் 2ஐ நெருங்கும். அதே துடிப்பிலிருந்தே அதைக் கணிக்கலாம். அதற்கு ஊசிக்குப் போன மின்னோட்டத்தையும் பதிந்திருக்க வேண்டும். பற்றரி இறங்குவது விகிதத்தைக் கெடுக்காது, கடத்தாற்றுக் கணக்கைக் கெடுக்கும்.

குழி வெட்டிப் பக்கச் சுவரில் ஊசியைச் செருகிவிட்டு, மண்ணைத் தளர்வாக அள்ளிப் போட்டு மூடுகிறவர்கள் நிறையப் பேர். இறைக்கிற நீர் முழுதும் அந்தக் குழியால் இறங்கும். எடுத்த அடுக்கிலேயே திருப்பி இட்டு இறுக்குங்கள்.

சம்மாந்துறை, வெல்லாவெளிப் பக்கத்து நெல் வயலுக்கு இந்த ஊசியை எடுத்துப் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். சேறடித்த வயலில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் கசிந்தால் வித்தியாசம் 0.001 பாகை அளவில்தான் வரும். 1960இல் ஜப்பானிய ஆய்வாளர் சுசுகி வேறு வழி காட்டினார். சூரியன் தரும் பகலிரவு வெப்ப அலை நெல் வயல் மண்ணில் எவ்வளவு தேய்ந்து, எவ்வளவு பிந்தி இறங்குகிறது என்பதிலிருந்து கசிவைக் கணிக்கலாம் என்றார். 1965இல் ஸ்டோல்மன் அதை இன்னும் செம்மையாக்கினார். இதிலும் மிகச் சிறிய கசிவு சிக்காது. ஆழத்தை ஒரு சென்ரிமீற்றர் தவறாக எழுதினாலும், இரண்டு பதிகருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் விடை கெட்டுவிடும்.

கிடைத்த எண்ணை வாசிப்பதிலும் வழுக்குகிறார்கள். கணக்குத் தருவது முழு மண் பரப்புக்குமான ஓட்டம். நீர் நுண்துளைகளால் மட்டும் போவதால், மண்ணின் கால் பங்கு கனவளவு நீராக இருந்தால் நீர் நகரும் வேகம் நான்கு மடங்கு. யூரியா நைத்திரேற்றாக மாறியபின் எத்தனை நாளில் கிணற்றை அடையும் என்று கேட்கும்போது இந்த வேகத்தைத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, எதிர்க்குறி எண்கள், அதாவது நீர் மேலேறுவதாகக் காட்டும் அளவீடுகள். அவற்றைப் பிழை என்று அழித்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுப்பவர்கள், இல்லாத கீழ்நோக்கிய கசிவை உருவாக்குகிறார்கள். மாரியில் நிலத்தடி நீர்மட்டம் ஊசியைத் தாண்டி உயரும்போது ஓட்டம் உண்மையிலேயே மேல்நோக்கி இருக்கலாம். மற்ற நாட்களில் வரும் எதிர்க்குறிகள் கருவியின் இரைச்சல் எவ்வளவு என்று காட்டுபவை. எதையும் அழிக்காமல், மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.