இழுபடும் கேலக்ஸிகள்: பார்ப்பதிலும் சொல்வதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்து இரவு, மணி பத்து. கடலூர் முதுநகரில் மொட்டைமாடியில் ஆறு அங்குல வாய் அகலமுள்ள தொலைநோக்கியை வடக்கே திருப்பி, சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசியைப் பிடித்தேன். அங்கிருந்து ஏழு முழுநிலவு அகலம் தள்ளிப் போனால் எம் 51. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் இரண்டு கேலக்ஸிகள், அதாவது இரண்டு பெரும் நட்சத்திரக் கூட்டங்கள், சுமார் 3 கோடி ஒளியாண்டு தூரத்தில் (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு). பக்கத்து வீட்டுப் பெண் எட்டாவது படிக்கிறாள். ஆசையாகக் கண்ணை வைத்தவள், "என்ன மாமா, கண்ணாடியில ஆவி படிஞ்ச மாதிரி ரெண்டு புள்ளி இருக்கு" என்றாள். முகம் வாடிவிட்டது.

போனில் பார்த்த படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருவதுதான் முதல் தவறு. அந்தச் சிவப்பும் நீலமும் கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. நம் கண் அப்படிச் சேர்த்து வைக்காது. 1773-ல் எம் 51-ஐக் கண்டுபிடித்த பிரெஞ்சு வானியலாளர் சார்ல் மெஸ்ஸியேவுக்கும் ('எம்' என்பது அவர் பெயரின் முதல் எழுத்துதான்) ஒரு மங்கல்தான் தெரிந்தது. துணையாக இன்னொன்று இருப்பதை 1781-ல் மெஷேன் என்ற இன்னொரு பிரெஞ்சு வானியலாளர் கண்டார். சுருள் வடிவம் தெரிய 1845 ஆகிவிட்டது; அதற்கு அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 அங்குலத் தொலைநோக்கி வேண்டியிருந்தது. ஆறு அங்குலத்தில் இரண்டு புள்ளியைப் பிரித்துப் பார்த்தவள் நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள்.

நம் கடலோரத்தில் நிஜமாகவே ஆவி படியும் என்பது வேறு விஷயம். அப்படிப் படிந்தால் துண்டை எடுத்துத் துடைக்காதீர்கள். காற்றில் வந்த மணலும் உப்பும் கண்ணாடியைக் கீறிவிடும். ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து இளஞ்சூட்டில் உலர்த்தினால் போதும்.

"அப்போ அங்க நட்சத்திரமெல்லாம் இடிச்சு நொறுங்குமா?" என்று அடுத்துக் கேட்டாள். 'மோதல்' என்று நாமே எழுதியும் பேசியும் பழக்கிவிட்டோம், பிள்ளைகள் வேறெப்படி நினைப்பார்கள்? சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகாக எண்ணிப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வையுங்கள். அடுத்த நட்சத்திரம் ஏறக்குறைய சிதம்பரத்தில் கிடக்கும் இன்னொரு கடுகு. இவ்வளவு இடைவெளி உள்ள இரண்டு கூட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் கடுகும் கடுகும் இடித்துக்கொள்வது மிக மிக அரிது. நெருக்கப்படுவது வாயு மேகங்கள்தான். அவை இறுகிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன. அவற்றில் மிகப் பெரியவை சீக்கிரமே எரிந்து வெடிக்கும். எம் 51-ல் 1994, 2005, 2011 என்று 17 ஆண்டுகளுக்குள் மூன்று சூப்பர்நோவாக்களை, அதாவது அப்படிப்பட்ட நட்சத்திர வெடிப்புகளை, பார்த்துவிட்டார்கள்.

இழுப்பைப் புரிந்துகொள்வதில்தான் பெரிய தவறு நடக்கிறது. படத்தில் பெரிய கேலக்ஸி கையை நீட்டிச் சின்னதைப் பிடித்திருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் சின்னது அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிறது. கையிலுள்ள தூசிப் பட்டைகள் அதன் வெளிச்சத்தை மறைத்துக் கறுப்பாகத் தெரிவதே சாட்சி. கயிறு கட்டி இழுப்பதுபோல இதை நினைக்கவே கூடாது. நம் துறைமுக முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். நிலா உச்சிக்கு வருவது நாளைக்கு ஒரு முறை, தண்ணீர் ஏறுவதோ இரண்டு முறை. ஏன்? நிலாவுக்கு அருகிலுள்ள பக்கத்தை அது அதிகமாக இழுக்கிறது, தூரத்துப் பக்கத்தைக் குறைவாக. அந்த வித்தியாசத்தால் பூமியின் இரண்டு பக்கமும் கடல் புடைக்கிறது. கேலக்ஸியிலும் இதே கதைதான். அண்டை கேலக்ஸியை நோக்கிப் பாலம்போல ஒரு நீட்சி, எதிர்ப்புறம் வால்போல இன்னொன்று. அலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972-ல் இதைக் கணினியில் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு முன்பு, வெறும் ஈர்ப்பால் இப்படி வால் முளைக்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். எனக்கு இன்றைக்கும் இதைவிட அழகான விளக்கம் கிடைக்கவில்லை.

அப்புறம், வானத்தில் பக்கத்தில் தெரிவதெல்லாம் அண்டை வீடு ஆகிவிடாது. ஸ்டெபான் ஐவர் என்ற கூட்டத்தில் நான்கு கேலக்ஸிகள் 29 கோடி ஒளியாண்டு அருகே இருக்க, ஐந்தாவது வெறும் 4 கோடி ஒளியாண்டில் குறுக்கே நிற்கிறது. தூரத்தை அளந்த பிறகுதான் உறவு சொல்ல வேண்டும். அண்டை கேலக்ஸியான ஆண்ட்ரோமிடாவும் நாம் இருக்கும் கேலக்ஸியான பால்வீதியும் கட்டாயம் இணையும் என்று அடித்துச் சொல்வதையும் விட்டுவிடலாம். அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் அது நடக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு என்கிறது 2025-ல் வெளியான ஓர் ஆய்வு.

ஆண்ட்ரோமிடாவை ஒட்டி எம் 32 என்று ஒரு குட்டி கேலக்ஸி இருக்கிறது. 1749-ல் அதைக் கண்டவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. இருபது ஆண்டு கழித்து வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்து, மேகம் மறைத்து ஏமாந்தாரே, அவரேதான். நீங்கள் வடகிழக்குப் பருவமழை நாட்களில் முயற்சி செய்ய வேண்டாம். பொங்கல் கழிந்து, நிலா இல்லாத நாளில், இரவு ஏழரைக்கு வடமேற்கே பாருங்கள். ஆண்ட்ரோமிடாவின் பெரிய மங்கலுக்குப் பக்கத்தில் சின்னதாக, உருண்டையாக, எம் 32 தெரியும்.