இன்ஸ்டாகிராமில் வாடிக்கையாளரைப் பேச வைக்க

பலகாரம் விற்கும் சின்னக் கணக்குகளுக்கு லைக் வரும், பேச்சு வராது. கோளாறு பெரும்பாலும் கேள்வியில்தான். "எப்படி இருக்கு?" என்றால் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். "அதிரசத்துக்கு வெல்லமா, கருப்பட்டியா?" என்று கேளுங்கள். பதிவிட்ட முதல் ஒரு மணி நேரம் போனும் கையுமாக இருந்து, பதிலோடு இன்னொரு கேள்வியும் போடுங்கள். சுவையான கருத்துகளில் மூன்றுவரை மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யலாம்.

விலை கேட்டவரை "இன்பாக்ஸ் வாங்க" என்று இழுக்காதீர்கள், எரிச்சல்தான் மிச்சம்.

ஸ்டோரி வாக்கெடுப்பில் யார் எதைத் தொட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். ஜெயித்ததைச் செய்து, வாக்களித்தவர்களுக்கே முதலில் அனுப்புங்கள்.

பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல்: ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதற்கு இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025இல் சொன்ன முக்கிய அளவுகோல்கள் இவை. காசுக்கு வாங்கிய ஃபாலோயர்கள் மூன்றையும் செய்யமாட்டார்கள்.